தனிப்பட்ட விருப்பம் ஏதும் இல்லை

லட்சியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். இன்று நேற்று வந்த நோய் அல்ல; சமஸ்தானம் ஒழிந்த வருஷத்திலிருந்து இருக்கிறது. அதற்கு முன்னால் புதுக்கோட்டையில் யாரும் அந்தச் சொல்லைத் தெருவில் வைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அரண்மனையைச் சுற்றி ஏதோ ஒரு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், பண்டிகைக்கு ஒரு வேட்டி என்று இருந்த ஊர் அது. நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை யூனியனோடு சேர்த்து எங்களைத் திருச்சி ஜில்லாவுக்குள் போட்டார்கள். அவ்வளவுதான். மழை விட்டதும் ஈசல் கிளம்புகிற மாதிரி ஆளாளுக்கு லட்சியம் கிளம்பிவிட்டது. சோடாக் கடைக்காரருக்கு லட்சியம், வக்கீல் குமாஸ்தாவுக்கு லட்சியம். நேற்றுவரை அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களெல்லாம் மேடை ஏறி, "எனது லட்சியம் என்னவென்றால்" என்று தொண்டையைக் கனைத்தார்கள்.

எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கிடையாது என்பதைப் பெருமையாக நினைத்துக்கொண்டும் இருந்தேன். அடுத்தவனை மிதிக்காமல், யார் காலிலும் விழாமல், வருவது வரட்டும் என்று இருப்பதுதான் சுத்தமான வாழ்க்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தச் சுத்தத்தில் ஒரு மனிதருடைய வேலை போயிற்று. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அப்போது சமஸ்தானத்துக் குதிரை லாயத்தில் ரைட்டர். இருபத்திரண்டு வயது. எந்தக் குதிரைக்கு என்றைக்கு லாடம் அடித்தது, எதற்குக் கால் வீங்கியது, கொள்ளு எத்தனை மூட்டை வந்து இறங்கியது என்று பெரிய நோட்டில் எழுதி வைக்கிற வேலை. அந்த வேலையைக்கூட நான் தேடிப் போகவில்லை. அரண்மனையில் இருந்த என் மாமா ஒருநாள் வந்து, "லாயத்துல ஒரு எடம் காலியா இருக்குடா, போறியா?" என்று கேட்டார். சரி என்றேன். சமையல்கட்டில் இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அங்கே போயிருப்பேன்.

லாயத்தில் குதிரைக்காரர்கள் ஏழு பேர். மூத்தவர் ராவுத்தர். சொந்த ஊர் கறம்பக்குடிப் பக்கம். அவர் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை, ராவுத்தர் என்றால் அவர்தான். நாற்பது தாண்டிய ஒல்லியான மனிதர். குதிரையின் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "இதுக்கு இன்னிக்குக் கொள்ளு வேணாம், புல்லு மட்டும் போடு" என்பார். டாக்டர் மறுநாள் வந்து அதையேதான் சொல்வார். அவருக்குப் பாதி வயது எனக்கு. ஆனாலும் வாய் நிறைய "ரைட்டரய்யா" என்று கூப்பிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. அவருக்கு மனைவியும் மூன்று பெண்களும். லாயத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வரிசையில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்த வேலை போனால் அந்த அறையும் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

லாயத்துக்கு ஒரு சூப்பிரண்டு இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. எந்நேரமும் வாயில் வெற்றிலை. குதிரைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியின் ஓரத்திலேயே துப்புவார். ராவுத்தர் வாளித் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தைக் கழுவி விடுவார். அரண்மனையிலிருந்து ஒரு சமையல்காரன் வந்தால்கூடச் சூப்பிரண்டு துண்டை இடுப்பில் கட்டி, கையை வாய்க்கு முன்னால் வைத்துக் குனிந்து நிற்பார். இணைப்புச் செய்தி வந்த வாரம் அழுதார். நிஜமாகவே மூக்கை உறிஞ்சி அழுதார். "நம்ம மகாராசா போன பொறவு நமக்கு என்னப்பா வாழ்வு?" என்றார். சரியாக மூன்றாவது வாரம் முழுக்கைக் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தர்பாருக்குக் கட்டிப் போகிற ஜரிகைத் தலைப்பாகையைக் கிழித்து சைக்கிள் துடைக்க வைத்திருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன ரைட்டர் பாக்குற? காத்துள்ளபோதே தூத்திக்கிடணும்" என்றார். இந்த மாதிரி ஒரு ஜன்மமாக இருப்பதைவிட ஒன்றுமே வேண்டாம் என்று இருந்துவிடலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். முடிவு என்று அதைச் சொல்லக்கூடாதுதான்.

அந்த மாதத்தில்தான் படிவம் வந்தது. இங்கிலீஷில் அச்சடித்த ஒற்றைத் தாள். சமஸ்தானத்து ஊழியர்கள் ஒவ்வொருவரும் தொடர்ந்து வேலை பார்க்க விருப்பமா, எந்த இலாகாவில், எந்த ஊரில், அல்லது விலகிக்கொள்ள விருப்பமா என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்க வேண்டும். ஊரே அந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைந்தது. யார் யாரைப் பிடித்தால் எந்த நாற்காலி கிடைக்கும் என்று வக்கீல் வீடுகளில் கூட்டம். சமஸ்தானத்தில் கவிதை எழுதிக் கொடுத்துச் சன்மானம் வாங்கியவர் ஒருவர், தமக்கு ரெவின்யூவில் அனுபவம் உண்டு என்று எழுதினார். சூப்பிரண்டு தம் படிவத்தை நான்கு தடவை கிழித்து எழுதினார். நாலாவது தாளில் தாம் சின்ன வயதிலிருந்தே தேசத்தொண்டர் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்த இழுபறியின் நாற்றம் லாயத்து நாற்றத்தைவிட மோசம். லாயத்து நாற்றமாவது குதிரையிடமிருந்து வந்தது.

என் தாளை நான் ஒரே தடவையில் எழுதி முடித்தேன். தனிப்பட்ட விருப்பம் ஏதும் இல்லை, சர்க்கார் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன் என்று நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் போட்டேன். எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது, குளித்துவிட்டு வந்தது மாதிரி. ஊரில் ஒருவனாவது கை நீட்டாமல் இருக்கிறான் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

குதிரைக்காரர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர்கள் படிவங்களையும் நான்தான் எழுதினேன். கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் முத்தரையர் ஒருவர். "பியூன்னு எழுதுங்க. பியூன் இல்லாட்டித் தோட்டக்காரன்னு எழுதுங்க. அதுவும் இல்லாட்டிக் கூட்டிப் பெருக்குற வேலைன்னு எழுதுங்க. போன்னு மட்டும் சொல்லிடக் கூடாதுன்னு எழுதுங்க" என்றார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சலாக வந்தது. இவரும் இழுக்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னபடி எழுதினேன். வயதான இன்னொருவர் விலகிக்கொள்வதாகச் சொன்னார். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியாக ராவுத்தர் வந்தார்.

"ராவுத்தரே, ஒங்களுக்கு என்ன எழுதட்டும்?"

அவர் கையிலிருந்த கொள்ளுத் தூசியைத் தட்டிவிட்டு, "ஒங்களுக்கு என்ன எழுதுனீங்க ரைட்டரய்யா?" என்று கேட்டார்.

"நான் எழுதிட்டேன். அது கெடக்கட்டும். ஒங்களுக்குச் சொல்லுங்க."

"ஒங்களுக்கு எழுதுனதையே எனக்கும் எழுதிடுங்க. படிச்சவங்க தனக்குக் கெடுதலாவா எழுதிக்குவாங்க?"

பக்கத்தில் நின்ற முத்தரையர் சிரித்தார். "கெட்டிக்காரர்யா ராவுத்தர்" என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கும்பலில் என்னைப் போல ஒருவர், கேட்கத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். அவர் கேட்கத் தெரியாமல் நிற்கவில்லை, என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நின்றார் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. நான் எழுதியதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. தனிப்பட்ட விருப்பம் ஏதும் இல்லை என்று எழுதி, மையைத் தொட்டுக் கட்டை விரலை வைக்கச் சொன்னேன். வைத்தார். விரலைப் பிறகு லாயத்துச் சுவரில் தேய்த்துக்கொண்டார்.

குதிரைகளை ஏலம் போட்டார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குதிரைகளின் வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள். மூன்றாவது நாள் லாயம் காலி. நாலாவது மாதம் உத்தரவுகள் வந்தன. என்னைக் கீரனூர் தாலுகா ஆபீசுக்குக் குமாஸ்தாவாகப் போட்டிருந்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், ஆள் தேவைப்பட்ட இடத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். முத்தரையருக்குத் திருச்சியில் பியூன் வேலை. காக்கி உடுப்பும் மார்புக்குக் குறுக்கே சிவப்பு டவாலியும் போட்டுக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார். ராவுத்தருக்கு வந்த தாளை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். லாயம் கலைக்கப்பட்டதாலும், வேறு பணி எதுவும் கோராததாலும், இன்ன தேதியோடு விடுவிக்கப்படுகிறார். குடியிருக்கும் அறையை இன்ன தேதிக்குள் காலி செய்ய வேண்டும்.

அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே எழுதுனீங்க?" என்றார்.

"ஆமா."

"ஒங்களுக்கு வேலை வந்துருக்கே."

"சர்க்கார் முடிவு ராவுத்தரே. நாம என்ன செய்ய முடியும்?"

நாம என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. ஒரு கோபம் வந்திருந்தால் அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்குமோ என்னவோ. அவர் வீட்டுச் சாமான்களை ஒரு கட்டை வண்டியில் ஏற்றினபோது போய் நின்றேன். ஒரு தகரப் பெட்டி, இரண்டு கோழி, சுருட்டிய பாய்கள். அவர் மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். சின்னப் பெண்ணை நான் தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன். அதைச் செய்ததற்காக அன்று முழுவதும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராவுத்தர் ஊரைவிட்டுப் போகவில்லை. எப்படியோ ஒரு கிழட்டு மட்டக்குதிரையைப் பிடித்து ஜட்கா ஓட்டினார். பஸ் ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் சாட்டையைச் சொடுக்கிக் கத்துவார்கள். இவர் ஓரமாக நின்றுகொண்டு குதிரையின் காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்துக்கொண்டிருப்பார். நான் கீரனூருக்குத் தினமும் திருச்சி பஸ்ஸில் போய்வந்தேன். சாயங்காலம் இறங்கினால் என்னைக் கண்டதும், "ஏறுங்க ரைட்டரய்யா" என்பார். மழையென்றால் சட்டென்று ஏறிக்கொள்வேன். வெயிலென்றாலும் ஏறிக்கொள்வேன். காசு நீட்டினால், "ஒங்ககிட்டயா?" என்று கையைத் தள்ளிவிடுவார். நானும் இரண்டாவது தடவை நீட்டமாட்டேன். எத்தனை வருஷம் அப்படி ஏறிப் போனேன் என்று இப்போது நினைத்தால் என் உட்காருமிடம் கூசுகிறது. நோகாமல் நொங்கு தின்பது என்பார்கள். என் வாழ்க்கையை அந்த மூன்று சொல்லுக்குள் அடக்கிவிடலாம்.

பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கும்பலாக ஏறுவார்கள். ஐந்தாண்டுத் திட்டம், அணைக்கட்டு, தொழிற்சாலை என்று பேச்சு. அவன் மகனை இஞ்சினியராக்குவது லட்சியம், இவன் பெல்ட்டுப் போட்ட உத்தியோகத்துக்குப் போவது லட்சியம். சீட்டுக்காக ஒரு கர்ப்பிணியை நெட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்த ஒருத்தன், தன்னலமற்ற சேவையைப் பற்றிக் கீரனூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, செம்மண் பொட்டலைப் பார்த்துக்கொண்டு வருவேன். எனக்கு ஏதும் வேண்டாம் என்பது அந்தக் கூட்டத்தில் ஒரு பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். உங்கள் இஷ்டம் என்றேன். என் மனைவி வந்த ஒரே மாதத்தில் என்னை அளந்துவிட்டாள். "இன்னிக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?" என்று கேட்பாள். எதுவானாலும் சரி என்பேன். "எதுவானாலும் சரின்னு ஒரு காய் சந்தையில விக்கலை" என்பாள். ஆபீசில் எனக்குச் சித்தர் என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சூப்பிரண்டு வளர்ந்துகொண்டே போனார். கதர் போட்டு ஒரு கமிட்டியில் உட்கார்ந்தார். பிறகு காற்று மாறியதும் கதரைக் கழற்றிவிட்டுக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எந்தத் துண்டைப் போட்டாலும் அடியில் இருந்த வெற்றிலை வாய் அதேதான். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவர்தான் தலைமை. என்னையும் கூப்பிட்டு மேடையில் ஒரு ஓரத்தில் உட்கார வைத்தார். பேச்சுக்கு நடுவில் என் பக்கம் கையை நீட்டி, "பதவி வேண்டாம், பணம் வேண்டாம் என்று வாழும் பற்றற்ற மனிதர் இவர். இவரைப் போன்றவர்களின் தோளில்தான் நாடு நிற்கிறது" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னைத் தோளாக வைத்து யார் யாரெல்லாம் ஏறி நிற்கிறார்கள் என்பதை அந்த ஆள்தான் உண்மையாகச் சொன்னார், அறியாமல். நான் தலையைக் குனிந்து புன்னகை செய்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

டவுன் பஸ் வந்தது, பிறகு சைக்கிள் ரிக்ஷா வந்தது. ஜட்காவில் ஏற ஆள் இல்லை. ராவுத்தரின் மட்டக்குதிரை ஒரு கோடையில் செத்துப்போனது. அதன் பிறகு அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கறம்பக்குடிக்கே போய்விட்டார். சந்தையில் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்குகிறார் என்று யாரோ சொல்லக் கேட்டேன். ஐம்பது தாண்டிய மனிதர், அதுவும் லாடம் பார்க்கக் குதிரைக் காலைத் தவிர வேறொன்றும் தூக்கிப் பழகாத உடம்பு. அடடா என்றேன். அடடா என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. கொஞ்ச நாளில் மூட்டை சரிந்து தோள் இறங்கிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆலங்குடி தாலுகா ஆபீசில் இருந்தேன். பழைய சமஸ்தானத்து ஊழியர்களில், தம் விருப்பத்துக்கு மாறாக அன்று விடுவிக்கப்பட்டவர்கள் மனுச் செய்தால், ஒவ்வொரு மனுவையும் பார்த்துச் சிறிய உதவித்தொகை கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மனுக்கள் எங்கள் ஆபீசுக்கு வரும். குமாஸ்தா பழைய காகிதங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். குமாஸ்தா நான்தான். பத்தாவதோ பதினோராவதோ மனு ராவுத்தருடையது.

கோப்புக்குள் நாற்பத்தெட்டின் படிவம் இருந்தது. தாள் பழுத்திருந்தது. என் கையெழுத்து பழுக்கவில்லை. நல்ல முத்துமுத்தான எழுத்து. அதற்கு அடியில் ராவுத்தரின் கட்டை விரல்.

மனுவை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் வேலையில் தொடரவே விரும்பினேன், எனக்குப் படிக்கத் தெரியாது, படிவத்தை ரைட்டர் எழுதினார், ரைட்டர் இப்போது தங்கள் ஆபீசிலேயே இருக்கிறார், அவரை விசாரித்தால் தெரியும் என்று எழுதியிருந்தது. என்மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. என்னைச் சாட்சி கூப்பிட்டிருந்தார், அவ்வளவுதான்.

நான் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. இந்தப் படிவத்தை எழுதியவன் நான். அதில் இருப்பது அவர் விருப்பம் அல்ல, எழுதியதைப் படித்துக் காட்டவும் இல்லை. அந்த ஒரு வரி இருந்தால் அவருக்குத் தொகை கிடைத்துவிடும். பேனாவை எடுத்தேன். அப்போது அந்த ஆபீசில் ஹெட் கிளார்க் பதவிக்குப் பட்டியல் போய்க்கொண்டிருந்தது. நான் அதற்கு மனுப் போடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. சீனியாரிட்டியில் என் பெயர் தானாக மேலே வந்திருந்தது. எனக்கு வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் சமஸ்தான காலத்தில் எழுத்தறியாத ஊழியர் ஒருவரின் படிவத்தை இவர் தவறாக எழுதினார் என்று என் கையாலேயே எழுதி, என் கோப்பில் அது ஏற, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால்? வருவது வரட்டும் என்று சொல்கிறவனுக்கு அந்தக் கடிதமும் வரட்டும் என்று இருக்க முடியவில்லை. இத்தனை நாளும் வந்ததெல்லாம் நல்லதாகவே வந்ததால்தான் வருவது வரட்டும் என்றிருக்கிறேன். இது எனக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதே தெரிந்தது. தெரிந்தும் பேனா நகரவில்லை.

கடைசியில் எழுதினேன். பழைய படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது; மேலிட முடிவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது. பரிந்துரை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. கோப்பைக் கட்டி அனுப்பிவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. சீ.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். என் மேசைக்கு முன்னால் ஒரு அம்மாள் வந்து நின்றார். வெள்ளைத் துப்பட்டி, காலில் செருப்பில்லை, பஸ் புழுதி முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டை வண்டிக்குப் பின்னால் நடந்தவர் இவர்தான் என்பது அவர் பேசிய பிறகுதான் தெரிந்தது.

"கறம்பக்குடியிலருந்து வாரேன் தம்பி. லாயத்து ராவுத்தர் வீடு."

"வாங்கம்மா. ராவுத்தர் வரலையா?"

"வரமாட்டேன்னுட்டாக. ரைட்டரய்யாவுக்குச் சங்கடமாப் போயிடுமாம். அவுகளுக்குத் தெரியாமத்தான் நான் பஸ் ஏறுனேன்." அவர் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. ஊருல ஒருத்தர் படிச்சாரு. நான் நம்பலை."

படித்தேன். மனுதாரர் பணியில் தொடர விரும்புவதாக அந்தக் காலத்திலேயே தெரிவிக்கவில்லை என்பது இணைக்கப்பட்ட படிவத்தால் தெரிகிறது. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

"தெரிவிக்கலையா? அவுக ஒங்ககிட்டத்தானே சொன்னாக?"

"எனக்கு எழுதுனதையே எழுதச் சொன்னாரும்மா."

"ஒங்களுக்கு என்ன எழுதுனீங்க?"

பதினான்கு பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ராவுத்தர் கேட்டு, நான் சொல்லாமல் தட்டிவிட்ட அதே கேள்வி. "எனக்குன்னு விருப்பம் ஒண்ணும் இல்லைன்னு எழுதுனேன்" என்றேன். சொல்லும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று என் காதால் கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார், மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்தார், சுவரில் சாய்த்து வைத்திருந்த என் குடையைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் வேணாம், சரி" என்றார். "மூணு பொட்டப்புள்ளைகளை வச்சுக்கிட்டு இருந்தோம். எங்களுக்கும் ஒண்ணும் வேணாம்னு எழுத ஒங்களுக்கு எப்படித் தம்பி கை வந்துச்சு?"

பக்கத்து மேசைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சர்க்கார் முடிவு என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

"போனது போகட்டும்" என்றார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பியூனைக் கூப்பிட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். "இப்பவாச்சும் எழுதுங்க. கேக்காம எழுதுனது நாந்தான்னு ஒரு வரி எழுதித் தாங்க. மேல போயி நானே குடுத்துக்கிடுறேன். அவுகளுக்குத் தோளு போயிருச்சு தம்பி. கையத் தூக்கிச் சோறு திங்க முடியலை."

"பாக்குறேன்மா" என்றேன்.

"எப்பப் பாப்பீக?"

"பாக்குறேன்மா."

அந்த ஒரு வரியை நான் அன்று எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை. அந்த மாதமே ஹெட் கிளார்க் உத்தரவு வந்தது. கேட்காமலே வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ராவுத்தருக்கு என்ன ஆனது என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அந்த அம்மாள் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்குள் இருந்தது என்ன என்பதை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வெட்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, வேறொன்று இருந்தது. தாசில்தார் அறையின் அரைக்கதவு ஆடிக்கொண்டிருந்தது. அவர் எந்த நிமிஷமும் வெளியே வரலாம். அவர் வருவதற்குள் இந்த அம்மாள் இங்கிருந்து போய்விட வேண்டும். எதுவானாலும் சரி என்று காலம் தள்ளிய நான், பல்லைக் கடித்துக்கொண்டு, முழு மனசோடு ஒன்றை வேண்டும் என்று ஆசைப்பட்டது என் ஆயுசில் அது ஒன்றைத்தான்.

அது நிறைவேறியது. அவர் தாளை மடித்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்குள் போய்விட்டார்.